சூரியனை ஒட்டிச் செல்லும் ஒளி ஏன் தாமதமாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019 டிசம்பர் 26 அன்று காலை கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் வழியாக வளையச் சூரிய கிரகணம் கடந்து சென்றது. அதை மொட்டை மாடியில் நின்று பார்த்த மாணவர்கள், பிறகு கொங்கு வட்டாரத்துப் பள்ளிகளிலும் ஊர் நூலகங்களிலும் நான் பேசப் போன இடங்களிலெல்லாம், சூரியன் ஒளியை வளைக்கிறது என்று பாடத்தில் இருக்கிறதே, அன்றைக்கு அது ஏன் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று கேட்டார்கள். அதற்கு விடை சொல்லப் புகுந்தால், வளைவைக் காட்டிலும் எனக்குப் பிடித்த மற்றொரு விளைவு பேச்சில் வந்துவிடும். ஈர்ப்பினால் ஒளிக்கு ஏற்படும் தாமதமே அது. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை விடைகளோடு இங்கே தந்திருக்கிறேன்.

வளையக் கிரகணத்தில் ஒளி வளைவதை ஏன் பார்க்க முடியவில்லை?

வளையக் கிரகணத்தில் சூரியனின் விளிம்பு எரிந்துகொண்டே இருப்பதால் வானம் இருட்டுவதில்லை. சூரியனை ஒட்டியிருக்கும் விண்மீன்கள் தெரிவதில்லை. 1919 மே 29 அன்று நேர்ந்தது முழுக் கிரகணம். பிரேசிலில் உள்ள சோப்ராலிலும் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள பிரின்சிபே தீவிலும் பிரிட்டிஷ் வானியலாளர்கள் அன்று எடுத்த ஒளிப்படங்களிலிருந்துதான் வளைவு முதன்முதலில் அளக்கப்பட்டது. சூரியனின் விளிம்பைத் தொட்டுச் செல்லும் ஒளிக்கு ஐன்ஸ்டீன் சொன்ன வளைவு 1.75 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு); இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு ரூபாய் நாணயம் நம் கண்ணில் எவ்வளவு கோணம் பிடிக்குமோ ஏறத்தாழ அவ்வளவு. மாடியில் நின்று பார்த்துவிடக்கூடிய சங்கதி அல்ல. தாமதத்தை அளக்கவோ கிரகணமே வேண்டியதில்லை.

தாமதம் என்று எதைச் சொல்கிறோம்? அது எவ்வளவு?

செவ்வாய், நம்மிடமிருந்து பார்க்கும்போது சூரியனுக்கு அந்தப் பக்கம், கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் நிற்கிறது என்று கொள்வோம். பூமியிலிருந்து அனுப்பும் ரேடியோ அலை (அதுவும் ஒளியின் ஒரு வகைதான்) சூரியனின் விளிம்பை ஒட்டிச் சென்று, செவ்வாயைத் தொட்டு, அதே வழியில் திரும்பி வர ஏறத்தாழ 42 நிமிடம் ஆகும். சூரியனின் ஈர்ப்பு இல்லாவிட்டால் ஆகியிருக்கும் நேரத்தைவிட இது சுமார் 250 மைக்ரோ நொடி கூடுதல். ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

அந்த 250 மைக்ரோ நொடியில் ஒளி 75 கிலோமீட்டர் போய்விடும். போக வர என்று பிரித்தால் ஒரு வழிக்கு 37 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதாவது, செவ்வாய் தன் இடத்திலிருந்து, கோவையிலிருந்து கிணத்துக்கடவைத் தாண்டிப் பொள்ளாச்சியை நெருங்கும் தொலைவுக்கு அப்பால் தள்ளிப் போய்விட்டது போலத் தோன்றும். ஒரு வழித் தொலைவே ஏறத்தாழ 38 கோடி கிலோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் இது கோடியில் ஒரு பங்கு.

அமெரிக்க இயற்பியலாளர் இர்வின் ஷாபிரோ 1964ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலிலிருந்து இதைக் கணித்து, பொதுச் சார்பியலுக்கான நான்காவது சோதனை என்ற தலைப்பில் வெளியிட்டார். அதற்கு முன் இருந்த மூன்று: புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை கூடுதலாகத் திரும்புவது, ஒளி வளைவது, ஈர்ப்பிலிருந்து மேலேறும் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வது. ஷாபிரோ தாமதம் என்றே இன்று இந்த விளைவைக் குறிப்பிடுகிறார்கள்.

ஒளியின் வேகம் மாறாதது என்கிறார்களே, பிறகு எப்படித் தாமதமாகும்?

காங்கேயம் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, “ஏனுங்க, வெளிச்சத்தோட வேகம் எங்கயுமே மாறாதுன்னு எம் பேரன் படிக்கிறானுங்க, அப்பறம் எப்பிடிங்க தாமசமாவும்?” என்றார். இந்தப் பொருளில் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடக் கூர்மையானது இல்லை.

மாறாதது என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒளி தன்னைக் கடந்து போகும் இடத்திலேயே நின்று, தன் கையிலிருக்கும் கடிகாரத்தாலும் அளவுகோலாலும் அளப்பவர் யாராக இருந்தாலும், சூரியனின் அருகில் இருந்தாலும்கூட, நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் என்ற அதே எண்ணைத்தான் காண்பார். ஆனால் நாம் அங்கே நிற்கவில்லை. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு இப்பால் உட்கார்ந்து, நம் கடிகாரத்தையும் நம் வரைபடத்தையும் கொண்டு மொத்தப் பயணத்துக்குக் கணக்குப் போடுகிறோம்.

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை மறந்துவிட்டு, ஏற்றத்தை மட்டும் மனதில் வையுங்கள். ஓட்டுநரின் வேகமானி 30 கிலோமீட்டரைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. சத்தியமங்கலத்தில் தட்டையான வரைபடத்தை விரித்து வைத்து, பேருந்து இருக்கும் இடத்தைப் புள்ளி வைத்துக்கொண்டிருப்பவருக்கோ அது ஊர்வதாகத் தோன்றும். ஏற்றத்தில் உள்ள கூடுதல் நீளம் அந்தத் தாளில் இல்லை. இதற்கு மேல், பேருந்தில் உள்ள கடிகாரம் சத்தியமங்கலத்துக் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், வேகமானி காட்டும் ‘மணிக்கு 30’ என்பதில் உள்ள மணியே நீண்டுவிடுகிறது; புள்ளி இன்னும் மெதுவாக நகரும். சூரியனுக்கு அருகில் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. வெளியின் வளைவால் வரைபடத்தில் அகப்படாத நீளம் ஒரு பங்கு, கடிகாரம் மெதுவாவது ஒரு பங்கு. சொல்லி வைத்ததுபோல் இரண்டும் சரிபாதி. 1911இல் ஐன்ஸ்டீன் கடிகாரப் பாதியை மட்டும் வைத்து ஒளி வளைவைக் கணித்தபோது சரியான மதிப்பில் பாதிதான் கிடைத்தது; 1915இல் வெளியின் பாதியும் சேர்ந்த பிறகுதான் 1.75 விகலை வந்தது.

சூரியனின் விளிம்பில் இந்தப் ‘புள்ளியின் வேகம்’ குறைவது பத்து லட்சத்தில் நான்கு பங்கு அளவுக்குத்தான்.

ஒளி வளைந்து சுற்றிப் போவதால் வரும் தாமதம்தானே இது?

இல்லை. வளைவினால் பாதையில் கூடும் நீளம் சில மீட்டர்தான். நாம் பேசுவதோ 37 கிலோமீட்டரைப் பற்றி. பாடநூல்களில் வரும் படங்கள் வளைவை மிகைப்படுத்திக் காட்டுவதால் பலருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது.

ஐன்ஸ்டீனே இதை ஏன் ஒரு சோதனையாகச் சொல்லவில்லை?

அவர் காலத்தில் கோளிலிருந்து எதிரொலி வாங்கும் கருவி கிடையாது. வெள்ளியிலிருந்து ஐயத்துக்கு இடமில்லாத ரேடார் எதிரொலி கிடைத்ததே 1961இல்தான்.

செவ்வாயின் தொலைவே அவ்வளவு துல்லியமாகத் தெரியாதபோது, 37 கிலோமீட்டர் கூடியது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் முழு ஆய்வும் புரிந்த மாதிரி. அதனால் இங்கே சற்று நிதானிக்க வேண்டும்.

நம் ஊர்ப் பாறைக் கிணறு ஒன்றின் விளிம்பில் நின்று கைதட்டினால் எதிரொலி வரும். கிணற்றின் ஆழம் தெரியாதவருக்கு, அந்த ஒரே ஒரு எதிரொலியை வைத்து ஒலி வழக்கத்தைவிட மெதுவாக வந்ததா, கிணறுதான் ஆழமா என்று சொல்ல வழியில்லை. ஆனால் அவர் மாதக்கணக்கில் தினமும் கைதட்டிக் குறித்து வருகிறார். ஒரு வாரம் மட்டும் எதிரொலி மெல்ல மெல்லத் தாமதமாகி, உச்சத்துக்குப் போய், அதே விதமாகத் திரும்பிப் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. கிணற்றின் ஆழம் அப்படிக் கூடிக் குறையாது. ஆகவே நடுவழியில் ஏதோ நடந்திருக்கிறது.

கோள்களிடத்திலும் இதே முறைதான். பூமியும் செவ்வாயும் சூரியனைச் சுற்றும் பாதைகளை, பல மாதங்களுக்கு எடுத்த எதிரொலி நேரங்களைக் கொண்டு கணிக்கிறார்கள். அந்தப் பாதைகளால் தொலைவில் வரும் மாற்றம் வழவழப்பானது; சட்டென்று ஒரு கூர்முனையை அதனால் உண்டாக்க முடியாது. ஷாபிரோ தாமதமோ கூர்முனை உடையது. அலை சூரியனின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிச் செல்கிறது என்பதன் மடக்கையைப் பொறுத்து அது மாறுகிறது: அந்த இடைவெளி பாதியாகும் ஒவ்வொரு முறையும், போக வர மொத்தத் தாமதத்தில் ஏறத்தாழ 27 மைக்ரோ நொடி கூடும். செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் போகும் நாட்களில் பார்வைக் கோடு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சூரிய ஆரம் வீதம் நகர்கிறது. பத்து நாட்களுக்கு முன்பு, பத்து ஆரம் தள்ளிச் செல்லும்போது சுமார் 155 மைக்ரோ நொடியாக இருக்கும் தாமதம், விளிம்பைத் தொடும் நாளில் 250ஐ எட்டிவிட்டு, அடுத்த பத்து நாட்களில் இறங்கிவிடுகிறது. அளக்கப்படுவது இந்த ஏற்ற இறக்கத்தின் வடிவம். மொத்தத் தொலைவு அல்ல. 38 கோடி கிலோமீட்டரில் 37 கிலோமீட்டரைத் தேடுகிறார்கள் என்று சில இடங்களில் எழுதப்படுவது அதனால்தான் பாதி உண்மை.

நம் சோதிடர்கள் கோள் சூரியனுக்கு மிக அருகில் வருவதை அஸ்தங்கம் என்று சொல்லி, அந்த நாட்களில் நல்ல காரியங்களைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். இந்த ஆய்வுக்காரர்களுக்கு அதுவே முகூர்த்தம்.

முதலில் அளந்தது எப்போது? என்ன தடைகள் இருந்தன?

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஹேஸ்டாக் ரேடாரைக் கொண்டு ஷாபிரோவின் குழு புதனிலும் வெள்ளியிலும் எதிரொலி வாங்கி, 1968இல் முதல் முடிவை வெளியிட்டது. அதன் கிண்ணத்தின் விட்டம் ஏறத்தாழ 37 மீட்டர். எதிரொலியின் வலிமை தொலைவின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் குறையும். தொலைவு இரட்டித்தால் பதினாறில் ஒரு பங்கே திரும்பி வரும். அந்த நிலையிலும் ஐன்ஸ்டீனின் கணிப்போடு சுமார் 20 சதவீதப் பிழை எல்லைக்குள் பொருத்தம் கிடைத்தது. 1971இல் பிழை 5 சதவீத அளவுக்குச் சுருங்கியது.

அதற்குமேல் சுருங்க விடாமல் தடுத்தது மலைகள். எதிரொலி கோளின் மையத்திலிருந்து வருவதில்லை. மேற்பரப்பில் நமக்கு அருகில் உள்ள பகுதியிலிருந்து வருகிறது. அங்கே ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு இருந்தால் எதிரொலி 10 மைக்ரோ நொடி முந்திக்கொள்ளும். சரி, விண்கலத்தை அனுப்பி, அதிலிருந்தே பதில் அலை அனுப்பச் செய்வோம் என்றால், பறந்துகொண்டிருக்கும் கலத்தைச் சூரிய ஒளியின் அழுத்தமும் கலத்திலிருந்து கசியும் வாயுவும் மெல்லத் தள்ளுகின்றன. அது இருக்கும் இடமே ஐயத்துக்கு உரியதாகிவிடுகிறது. மாரினர் 6, 7 ஆகிய கலங்களை வைத்து 1970இல் செய்த அளவீடு 3 சதவீத அளவோடு நின்றது.

இரண்டு சிக்கலுக்கும் ஒரே தீர்வாக அமைந்தவை வைகிங் கலங்கள். 1976 ஜூலையிலும் செப்டம்பரிலும் செவ்வாயில் தரையிறங்கிய இரண்டு வைகிங்குகளும் தரையோடு தரையாக நின்றன. மலையும் குறுக்கிடவில்லை, ஒளியழுத்தமும் தள்ளவில்லை. அந்த நவம்பரில் செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் சென்றது. 1979இல் வெளியான முடிவில் பிழை ஆயிரத்தில் ஒரு பங்கு.

சூரியனைச் சுற்றியுள்ள வாயுவே அலையைத் தாமதப்படுத்தாதா?

தாமதப்படுத்தும். இந்தக் கேள்வியை முதலில் கேட்டது ஊட்டியில் உள்ள ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பதினோராம் வகுப்பு மாணவி.

சூரியனின் புறவளிமண்டலம் மின்னேற்றம் பெற்ற வாயு, அதாவது பிளாஸ்மா. ரேடியோ அலை அதற்குள் செல்லும்போது தாமதமாகிறது. அந்தத் தாமதம் அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஈர்ப்புத் தாமதமோ எந்த அதிர்வெண்ணாக இருந்தாலும் ஒன்றே. பிரித்தெடுக்கும் வழியும் இதில்தான் இருக்கிறது: இரண்டு வேறு அதிர்வெண்களில் அலை அனுப்பி, அவற்றுக்கிடையே உள்ள நேர வேறுபாட்டைப் பார்த்தால் பிளாஸ்மாவின் பங்கு தெரிந்துவிடும், அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஈர்ப்பின் பங்கு. வைகிங் தரையிறங்கிகளில் ஒரே அதிர்வெண் பட்டைதான் இருந்தது. மேலே சுற்றிக்கொண்டிருந்த வைகிங் கலங்களில் இரண்டு இருந்தன. அவற்றிலிருந்து பிளாஸ்மாக் கணக்கைக் கடன் வாங்கித்தான் தரையிறங்கிகளின் அளவைத் திருத்தினார்கள்.

ஊட்டித் தொலைநோக்கியை அடியில் நின்று பார்ப்பது தனி அனுபவம். கோவிந்த் சுவரூப் தலைமையில் டாட்டா ஆய்வு நிறுவனம் அமைத்து, 1970இல் இயங்கத் தொடங்கிய அது கிண்ணம் அல்ல; 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள பாதி உருளை. 24 இரும்புச் சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளே அதன் ஆடி. அடியிலிருந்து பார்த்தால் தறியில் பாவு ஓடியிருப்பது போலக் கம்பிகளின் ஊடே வானம் தெரியும். அந்த மலைச்சரிவின் சாய்வும் அவ்விடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 பாகையாக ஒன்றியிருப்பதால், உருளை பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு வானப்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். இதனால் ரேடார் சோதனை செய்ய முடியாது. அது கேட்கும் கருவி, பேசும் கருவி அல்ல. ஆனால் தொலைதூர ரேடியோ மூலங்கள் சூரியக் காற்றின் ஊடாக மினுங்குவதை அது பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறது. ஷாபிரோ தாமதத்தை அளப்பவர்கள் எந்தப் பிளாஸ்மாவைக் கழித்துத் தள்ள அரும்பாடு படுகிறார்களோ, அதுதான் ஊட்டியில் ஆய்வுப் பொருள்.

இதுவரை கிடைத்ததில் மிகத் துல்லியமான அளவு எது?

சனிக் கோளுக்குப் போய்க்கொண்டிருந்த காசினி விண்கலம் 2002 ஜூனில் சூரியனுக்குப் பின்புறமாகச் சென்றபோது எடுத்த அளவு வெகுகாலமாக முன்னணியில் உள்ளது. அலை சூரிய மையத்திலிருந்து 1.6 ஆரம் வரை நெருங்கிச் சென்றது. காசினி எக்ஸ் எனப்படும் அதிர்வெண் பட்டையோடு அதைவிட உயர்ந்த கேஏ பட்டையிலும் இயங்கியதால் பிளாஸ்மாவின் பங்கை ஏறக்குறைய முழுமையாகக் கழிக்க முடிந்தது. இவர்கள் தாமதத்தை நேராக அளக்கவில்லை. தாமதம் நாளுக்கு நாள் கூடிக் குறைவதால் திரும்பி வரும் அலையின் அதிர்வெண்ணில் ஏற்படும் சிறு நகர்வை அளந்தார்கள்.

முடிவை காமா என்ற எண்ணால் சொல்வது வழக்கம். ஒரு நிறை, வெளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு அது. பேருந்து உவமையில் சொன்ன கடிகாரப் பாதி மட்டும் உண்மையாக இருந்தால் காமா 0. பொதுச் சார்பியல் சரியானால் காமா மிகச் சரியாக 1. பெர்த்தோத்தி, இயெஸ், தொர்த்தோரா ஆகிய இத்தாலிய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட முடிவின்படி, காமா 1லிருந்து விலகுவது லட்சத்தில் 2.1 பங்கு, அளவீட்டின் பிழை லட்சத்தில் 2.3 பங்கு. பிழையே விலகலைவிடப் பெரிதாக இருப்பதால், விலகல் ஏதும் காணப்படவில்லை என்றுதான் பொருள்.

கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் சொல்லப்படும் சார்பியல் திருத்தமும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும்; திருத்தப்படுவது அது. பூமியின் ஈர்ப்பு அந்த அலைக்கு ஏற்படுத்தும் ஷாபிரோ தாமதம் இரண்டு சென்டிமீட்டர் தொலைவுக்கும் குறைவானது; வழி தேடுபவருக்கு அது பொருட்டல்ல, நில அளவைத் துல்லியர்களுக்கு மட்டும் தேவைப்படும்.

சூரியக் குடும்பத்துக்கு வெளியே இதைப் பார்க்க முடிகிறதா?

முடிகிறது, அங்கே இது சோதனை என்பதிலிருந்து தராசாகவே மாறிவிட்டது. துடிவிண்மீன் என்பது சீரான இடைவெளியில் ரேடியோத் துடிப்பு அனுப்பும், தன்னைத்தானே சுற்றும் நியூட்ரான் விண்மீன். அதற்கு ஒரு துணை இருந்து, இரண்டின் சுற்றுப்பாதையை நாம் விளிம்பு வாட்டத்தில் பார்க்க நேர்ந்தால், துடிவிண்மீன் துணைக்குப் பின்னால் செல்லும் ஒவ்வொரு முறையும் துடிப்புகள் தாமதமாக வந்து சேரும். ஜே1614-2230 என்ற துடிவிண்மீன் 3.15 மில்லி நொடிக்கு ஒருமுறை சுழன்று, 8.7 நாளில் ஒரு வெள்ளைக் குள்ள விண்மீனோடு சுற்றை முடிக்கிறது. அதன் துடிப்புகளின் தாமதத்திலிருந்து துணையின் நிறையும், அதன்வழி துடிவிண்மீனின் நிறையும் 2010இல் கிடைத்தன: சூரியனைப் போல 1.97 மடங்கு. நியூட்ரான் விண்மீன் அவ்வளவு கனக்க முடியாது என்று சொன்ன பல கோட்பாடுகள் அன்றோடு கைவிடப்பட்டன. 2003இல் கண்டறியப்பட்ட இரட்டைத் துடிவிண்மீன் அமைப்பிலோ, தாமதத்தின் வடிவம் பொதுச் சார்பியலோடு 0.05 சதவீத எல்லைக்குள் பொருந்துவதை 2006இல் காட்டினார்கள்.

ஒளிக்கு மட்டும்தானா இந்தத் தாமதம்?

இல்லை. 1987இல், பக்கத்து விண்மீன் திரளான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தபோது, நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளிக்குச் சில மணி நேரம் முன்னதாகப் பூமியை அடைந்தன. வெடிப்பின் அதிர்வலை விண்மீனின் மேற்பரப்பை எட்ட எடுத்துக்கொண்ட நேரமே அந்த வித்தியாசத்துக்குக் காரணம். வழியில் நம் பால்வெளியின் ஈர்ப்பு இரண்டையும் மாதக்கணக்கில் தாமதப்படுத்தியிருக்கும். ஒன்றை அதிகமாகவும் மற்றொன்றைக் குறைவாகவும் தாமதப்படுத்தியிருந்தால் அவை இப்படி அடுத்தடுத்து வந்து சேர்ந்திருக்க வழியில்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று, ஒரே மூலத்திலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுப் பயணத்துக்குப் பின் ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 1.7 நொடி வித்தியாசத்தில் வந்ததும் இதையே காட்டுகிறது.

இன்னும் எதற்காக அளக்கிறார்கள்? நம் மங்கள்யானை வைத்துச் செய்தார்களா?

ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் இணைக்க முயலும் சில கோட்பாடுகள், காமா 1லிருந்து மிக நுண்ணிய அளவில் விலகும் என்கின்றன. அது காசினியின் எல்லைக்குக் கீழே ஒளிந்திருக்கலாம். 2018இல் ஏவப்பட்டுப் புதனை நோக்கிச் சென்ற பெப்பிகொலம்போ கலத்தில் அதற்கென்றே காசினி பாணியிலான ரேடியோக் கருவி பொருத்தப்பட்டது.

மங்கள்யான் 2015 ஜூனில் சூரியனுக்குப் பின்னால் சென்று, இரண்டு வாரம் போலத் தொடர்பு தடைப்பட்டது உண்மை. ஆனால் அதில் இருந்தது எக்ஸைவிடத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட எஸ் பட்டை ஒன்றே. பிளாஸ்மா அந்த அதிர்வெண்ணை வெகுவாகக் கலைத்துவிடும், கழிப்பதற்கு இரண்டாவது பட்டையும் இல்லை. அதனால் அதை ஒட்டிய நாட்களில் வந்த அலைகளை நம் ஆய்வாளர்கள் ஈர்ப்பைத் தேடப் பயன்படுத்தவில்லை. அவை கலைந்திருந்த விதத்திலிருந்தே சூரியப் புறவளிமண்டலத்தின் கொந்தளிப்பைக் கணித்தார்கள்.